ஹங்ரி தலைமுறையை ஆராய வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960களில் வங்காள இலக்கியத்தில் எழுந்த கலக இயக்கமான ஹங்ரி இயக்கத்தை (ஹங்ரி தலைமுறை) பற்றி வரும் ஆய்வு முன்வரைவுகளில் பழைய தவறுகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எழுத்துப்பிழை, மேற்கோள் விடுபடல் போன்றவற்றை நெறியாளரே திருத்திவிடுவார். ஆய்வேட்டையே கவிழ்க்கும் தவறுகள் வேறு.

கின்ஸ்பெர்க்கிலிருந்து தொடங்குவது

இதைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. “பீட் தலைமுறையின் தாக்கத்தால் கல்கத்தாவில் பிறந்த இயக்கம்” என்று முதல் வரியில் எழுதிவிட்டு, மீதி அத்தியாயங்களை எல்லாம் அதன்மேல் கட்டுகிறார்கள். தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தாலே போதும். முதல் துண்டறிக்கை வெளிவந்தது 1961 நவம்பரில். வெளிவந்த ஊரும் கல்கத்தா இல்லை, பாட்னா. அங்கே வங்காள எழுத்தில் அச்சடிக்க வழியில்லாததால் அது ஆங்கிலத்தில் வந்தது. அமெரிக்காவின் பீட் தலைமுறைக் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் பம்பாயில் வந்து இறங்கியதே 1962 பிப்ரவரியில்தான். கல்கத்தாவுக்கு அந்த ஜூலையில் போனார். பாட்னாவில், இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான மலய் ராய் சௌத்ரியின் வீட்டுக்குப் போனது 1963இல். இயக்கத்தின் பெயர் ஆங்கிலக் கவிஞர் சாஸரின் ஒரு வரியிலிருந்து எடுத்தது. பண்பாட்டுச் சரிவு பற்றிய சிந்தனைக்கு மலய் சுட்டுவது ஜெர்மன் சிந்தனையாளர் ஸ்பெங்லரை. இரண்டிலும் அமெரிக்கா இல்லை.

அதற்காக மறுபக்கம் சாய்ந்து, “தாக்கமே கிடையாது”, “கின்ஸ்பெர்க்தான் இவர்களிடம் கற்றுக்கொண்டார்” என்று முழங்குவதும் அதே தவறுதான். கின்ஸ்பெர்க்கின் ‘ஹவுல்’ 1956லேயே அச்சாகிவிட்டது. ஆளைப் பார்க்காமலே புத்தகத்தைப் படித்திருக்கலாம். எனவே ஒவ்வொரு கூற்றையும் மூன்றாகப் பிரியுங்கள்: படித்ததற்கான சான்று, சந்தித்ததற்கான சான்று, கவிதைக்குள் தெரியும் ஒற்றுமை. மூன்றாவதை மட்டும் வைத்து முதலிரண்டை ஊகிக்கக் கூடாது. பல பத்தாண்டுகள் கழித்து எழுதிய நினைவுக்குறிப்பு 1961க்குச் சான்றாகாது; அப்போதைய கடிதமோ துண்டறிக்கையோ வேண்டும். இந்தக் காலவரிசைச் சிக்கல் பெரும்பாலும் வாய்மொழித் தேர்வில்தான் வெளிப்படும். அந்நேரத்தில் ஓர் அடிக்குறிப்பைச் சேர்த்து ஒப்பேற்ற முடியாது. முதல் அத்தியாயத்தோடு அதன்மேல் நிற்கும் எல்லாமே போகும்.

ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுவது

துண்டறிக்கையில் ஆசிரியராக வரும் தேபி ராயும், வெளியிட்டவராக ஹவுரா முகவரியோடு வரும் ஹாராதன் தாராவும் ஒரே ஆள். உறுப்பினர் பட்டியல் போடுமுன் புனைபெயர்களைச் சரிபாருங்கள். ஹாராதன் தாரா என்ற, சாதியைக் காட்டும் இயற்பெயரை விட்டுவிட்டால், இயக்கத்தில் சாதியின் இடம் பற்றிப் பேசவேண்டிய பக்கமும் சேர்ந்து போய்விடும்.

வழக்கை “அரசு எதிர் கவிஞர்கள்” என்று சுருக்குவது

1964 செப்டம்பரில் கைதுகள் நடந்தன. கடைசியில் விசாரணைக்கு நின்றவர் மலய் ஒருவரே, ‘பிரசண்ட பைத்யுதிக் சுதார்’ கவிதைக்காக, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் ஆபாசம் பற்றிய 292ஆம் பிரிவின் கீழ். 1965 டிசம்பரில் கீழ்நீதிமன்றம் 200 ரூபாய் அபராதம் விதித்தது. 1967 ஜூலையில் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. பலர் விடுதலைத் தீர்ப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாட்சிப் பட்டியலைப் படியுங்கள். இயக்கத்தின் முதல் நால்வரில் ஒருவரான சக்தி சட்டோபாத்யாய் அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். இயக்கத்தில் சேராத, ‘கிருத்திவாஸ்’ கவிதை இதழின் சுனில் கங்கோபாத்யாய் மலய்க்காகச் சாட்சி சொன்னார். இந்தக் குறுக்கு வெட்டை விளக்காத அத்தியாயம் பாதி அத்தியாயம்தான்.

ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்து நடையை ஆராய்வது

வேண்டாம்.

மறுபதிப்பை மூலமாகக் கொள்வது

துண்டறிக்கைகள் பல ஒற்றைத் தாள்கள். சிலவற்றில் தேதி இல்லை, எண் வரிசையும் ஒழுங்காக இல்லை. பின்னால் வந்த தொகுப்புகள் இவற்றை ஒழுங்குபடுத்தியே தருகின்றன. அசல் தாளில் அச்சகப் பெயர், முகவரி, பொறுப்பாளர் பெயர்கள் மூன்றையும் குறித்துக்கொண்டால் காலத்தை ஓரளவு கணிக்கலாம். கொல்கத்தா டேமர் லேனில் 1978இல் சந்தீப் தத்தா தொடங்கிய சிற்றிதழ் நூலகத்தில் தேடலைத் தொடங்குங்கள்.

மலயோடு முடிப்பது

இயக்கத்தின் மற்ற எழுத்தாளர்களான பால்குனி ராய், சுபிமல் பசாக், பாசுதேவ் தாஸ்குப்தா ஆகியோரைப் படிக்கவில்லையென்றால், தலைப்பை “மலய் ராய் சௌத்ரி” என்றே வைத்துவிடுங்கள்.