தோள்பட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஹாக்கி மட்டையை மீண்டும் ஏந்துவது எப்படி?

தோள் மூட்டு அடிக்கடி நழுவியதால் பேங்கார்ட் என்னும் நுண்துளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, மீண்டும் களமிறங்க விரும்பும் உள்ளூர் ஹாக்கி வீரர்களுக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. தசைநாண் கிழிவைத் தைத்துக்கொண்டவர்களுக்குக் காலக்கணக்கு வேறு. பெரும்பாலும் இதைவிட மெதுவானது. இருவருக்குமே, அறுவை செய்த மருத்துவரின் சொல்லே இறுதியானது.

தோள் மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. அதன் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்னும் குருத்தெலும்பு வளையம், மூட்டு முன்பக்கமாக நழுவும்போது எலும்பிலிருந்து பிய்ந்துவிடுகிறது. சிகிச்சையில் எலும்புக்குள் ஆங்கர் எனப்படும் சிறு பிடிமானங்களை ஊன்றி, அவற்றிலுள்ள நூலால் அந்த வளையத்தை இழுத்துக் கட்டுகிறார்கள். நூல் பிடித்து வைத்திருக்க மட்டுமே செய்யும். வளையம் எலும்போடு ஒட்டிக்கொள்ள ஏறத்தாழ 12 வாரங்களாவது ஆகும். பின்வரும் கட்டுப்பாடுகள் யாவும் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள் கை, அதைக் கழுத்திலிருந்து தாங்கும் ஸ்லிங் என்னும் துணிப்பட்டையில் இருக்கும். விரல்களையும் மணிக்கட்டையும், மருத்துவர் அனுமதித்தபடி முழங்கையையும் நாள்தோறும் பலமுறை அசைக்க வேண்டும். தோளை மட்டும் இயன்முறை மருத்துவர் காட்டிய அளவுக்கு மேல் நகர்த்தக் கூடாது. பந்து எறிய ஓங்குவதுபோல் கையைப் பக்கவாட்டில் உயர்த்தி வெளிப்புறம் திருப்பும் நிலை அறவே கூடாது. தலைக்குப் பின்னால் கையை வைத்துப் படுப்பது, காரின் பின்னிருக்கையிலுள்ள பையை எட்டி எடுப்பது, இரு கைகளையும் பின்னால் ஊன்றி எழுவது ஆகியவையும் தோளைக் கிட்டத்தட்ட அந்த நிலைக்கே கொண்டுபோகும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சட்டை அணியும்போது அறுவை செய்த கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுத்து, முழங்கைக்கு அடியிலும் ஒரு தலையணை வைத்தால் இரவு சற்று எளிதாகும். ஸ்லிங் இருக்கும்வரை இருசக்கர வாகனம் ஓட்டக் கூடாது. காய்ச்சல், தையலில் சீழ், கூடிக்கொண்டே போகும் வீக்கம், விரல்களில் நீங்காத மரத்துப்போதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ஸ்லிங் நீங்கிய பின் அசைவை மீட்பதும், 12 வாரங்களை ஒட்டி ரப்பர் பட்டை கொண்டு தோளைச் சுழற்றும் தசைகளையும் தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகளையும் வலுவாக்குவதும் வழக்கமான முறை. கால்களுக்கு ஓய்வு தேவையில்லை. அசையா மிதிவண்டியில் மூச்சுத்திறனைக் காத்துக்கொள்ளலாம்.

என் கணிப்பில் மிக ஆபத்தான காலம் மூன்றாம், நான்காம் மாதங்களே. வலி போயிருக்கும், சட்டை மாட்டுவது எளிதாகியிருக்கும், மாலையில் அணியினர் தொலைபேசியில் அழைக்கத் தொடங்குவார்கள். தைத்த இடமோ ஓர் இடறலைத் தாங்கும் வலுவை இன்னும் பெற்றிருக்காது.

மட்டையைத் தொட அனுமதி கிடைத்ததும், அறுவை எந்தத் தோளில் என்பதைப் பொறுத்தே பயிற்சியின் வரிசையை அமைக்க வேண்டும். ஹாக்கியில் இடது கை மட்டையின் உச்சியையும் வலது கை அதற்குக் கீழேயும் பிடிப்பதால், ஒவ்வொரு தோளுக்கும் வரும் ஆபத்து வேறு. இரு கைகளும் உடலுக்கு அருகில் இருக்கும் நின்றநிலை டிரிப்ளிங்கும் (பந்தை மட்டையால் தட்டி நகர்த்துவது), ஓங்காமல் பந்தைத் தள்ளும் குறுந்தூர புஷ்ஷும் இருவருக்கும் முதலில் வரலாம். பிறகு நகர்ந்தபடி டிரிப்ளிங், பிறகு மட்டையைத் தாழ்வாக வீசி அடிக்கும் ஸ்லாப். வலது தோளில் அறுவை செய்தவருக்கு, மட்டையைப் பின்னே ஓங்கி அடிக்கும் முழு ஹிட் கடைசிக்குச் செல்ல வேண்டும். ஓங்கும் தருணத்தில் வலக்கை வெளிப்புறம் திரும்புகிறது. இடது தோள்காரர் அஞ்ச வேண்டியவை, ஒற்றைக் கையை நீட்டிக் குத்தும் ஜாப் டேக்கிளும், மட்டையைத் திருப்பி இடப்பக்கத்திலிருந்து அடிக்கும் ரிவர்ஸ் ஹிட்டும். எதிராளியின் மட்டை மோதும்போது, நீட்டிய இடக்கையே முழு அதிர்வையும் வாங்குகிறது. தோளுக்கு மேல் மட்டையை உயர்த்திப் பந்தை நிறுத்துவதை இருவருமே தள்ளிப்போடுவது நல்லது.

போட்டிக்குத் திரும்புவது பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குப் பின்னரே. நாட்காட்டியை மட்டும் பார்க்காமல், அசைவு மறு தோளுக்கு நிகராக இருக்கிறதா, வலு அதில் 90 விழுக்காட்டையாவது எட்டியதா, கையை எறியும் நிலைக்குக் கொண்டுபோகும்போது நழுவிவிடுமோ என்ற அச்சம் எழுகிறதா என்று இயன்முறை மருத்துவரிடம் சோதித்துக்கொள்ள வேண்டும். விழும்போது கையை ஊன்றாமல் உருளும் பழக்கத்தைப் புல்தரையிலோ பாயிலோ முன்கூட்டியே பயில வேண்டும். நம் ஊர்ச் சரளை மைதானங்கள் அதற்குரிய இடமல்ல. முதல் ஆட்டத்தில் 15 நிமிடக் கால்பகுதி ஒன்று போதும்.

கோல்காப்பாளர்கள் இன்னும் பொறுத்திருக்க வேண்டும். கையுறை அணிந்த இடக்கையைப் பக்கவாட்டில் வீசிப் பாய்வது, தைத்த தோள் எதைத் தவிர்க்க வேண்டுமோ அதே நிலை. மூட்டு மீண்டும் நழுவினால், களத்தில் யாரையும் இழுத்துப் பொருத்த விடாமல், கையை உடலோடு சேர்த்துக் கட்டி, எக்ஸ்-ரே வசதியுள்ள மருத்துவமனைக்கு நேராகச் செல்ல வேண்டும்.