ஹோட்டன் சமவெளிக்கு ஒரு நாள்: பனிமூட்டத்துக்கு முன்னால் போய் வருவது எப்படி

இலங்கையின் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவில், தரை சட்டென்று முடிந்து பள்ளமாகும் மலை விளிம்புக்கு உலக முடிவு என்று பெயர். அதைப் பார்க்க நான் முதன்முதலில் போனபோது காலை பதினொரு மணி. சித்தப்பாவின் பிள்ளைகளோடு ஆறு பேர், ஒரு வேன். நுவரெலியாவில் ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட்டோம். மூச்சு வாங்க நடந்து விளிம்புக்குப் போனால் எதிரே வெறும் வெள்ளைச் சுவர். காலடியில் 870 மீட்டர் பள்ளம் என்றார்கள். நாங்கள் பார்த்தது பெயர்ப்பலகையை மட்டும்தான்.

இந்தப் பயணத்தில் கஷ்டமானது நடையில்லை, நேரம். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

வெயில் ஏறியதும் தெற்கே தாழ்வான பக்கத்தில் இருக்கும் ஈரக்காற்று சூடாகி, செங்குத்துப் பாறையோடு மேலே எழும்பும். மேலே குளிரில் அதுவே முகிலாகிவிடும். பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் காட்சி மூடிவிடும். ஆகவே எட்டு மணிக்கு நீங்கள் உலக முடிவில் நிற்க வேண்டும். நடை தொடங்கும் ஃபார் இன்னிலிருந்து அங்கே போக ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். பூங்கா திறப்பது காலை ஆறு மணிக்கு. நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிபொல வழியாக முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. வளைந்து வளைந்து ஏறும் பாதை என்பதால் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஐந்து மணிக்கு முன்னால் வாகனம் நகர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. நாலே முக்கால் என்று டிரைவரிடம் சொன்னால் ஐந்துக்காவது கிளம்பலாம்.

ரயிலில் வந்து ஓஹியாவில் இறங்கி ஓட்டோ பிடித்து ஏறுகிறவர்களும் உண்டு. ரயில் பாதை அழகுதான், ஆனால் அந்த விடியல் நேரம் கைவிட்டுப் போய்விடும். முதல்முறைக்கு வேண்டாம்.

முதல் நாள் இரவு

வாகனத்தைப் பேசி, போகவர வாடகையையும் காத்திருக்கும் நேரத்தையும் அப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அடையாள அட்டையை எடுத்து வையுங்கள். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு. வாகனத்துக்கும் தனிக் கட்டணம் உண்டு.

சமவெளி கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே இருக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில விடியல்களில் புல் நுனியில் உறைபனியே படிந்திருக்கும். ஒரே தடித்த ஜாக்கெட்டை விட மெல்லிய உடுப்புகளை அடுக்கிப் போடுவது நல்லது, எட்டு மணிக்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றலாம். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள சப்பாத்து போடுங்கள். மழை குறைந்த ஜனவரி முதல் மார்ச் வரையான மாதங்கள் தோதானவை.

அப்புறம் சாப்பாடு. இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பொலித்தீன் எதையும் உள்ளே கொண்டுபோக முடியாது. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஒருமுறை எனக்கு முன்னால் நின்ற அம்மாவின் பையிலிருந்து நாலு பக்கற் பிஸ்கட் வந்தது. காவலர் அலுக்காமல் ஒவ்வொன்றாகப் பிரித்து, பிஸ்கட்டைக் காகிதப் பையில் கொட்டிக் கொடுத்தார். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த லேபிளைக்கூட நகத்தால் உரித்து எடுத்துக்கொண்டார். பின்னால் வரிசை நீண்டது, எல்லோருக்கும் ஐந்து நிமிடம் போனது. ஆனால் காரணம் சரியானது: சாப்பாட்டு வாசம் ஒட்டிய பொலித்தீனை இங்குள்ள மரைகள் (பெரிய மான்கள்) விழுங்கிவிடும். பாணும் சம்பலும் அவித்த முட்டையும் டப்பாவில் போட்டுக்கொண்டால் இந்தச் சிக்கலே இல்லை. என் ஓட்டு கட்டைச்சம்பலுக்கு. குளிரில் அந்த உறைப்பு தேநீரை விட நன்றாக வேலை செய்யும்.

உள்ளே போனதும்

டிக்கெட் எடுத்து ஃபார் இன்னுக்குப் போகும் வழியில் இரண்டு பக்கமும் புல்வெளியைப் பார்த்துக்கொண்டே போங்கள். விடியலில் மரைக் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். சில கிழட்டு மரைகள் வாகனத்தின் கண்ணாடிவரை வந்து மூக்கை நீட்டும். பாவமாக இருக்கும், ஆனாலும் எதையும் கொடுக்கக் கூடாது. சிறுத்தையும் இங்கே உண்டு. பகலில் கண்ணில் படுவது அதிர்ஷ்டம்.

நடை

மொத்தப் பாதை ஒரு வட்டம், ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சிறிது தூரத்தில் அது இரண்டாகப் பிரியும். பலகையைப் பார்த்து சிறிய உலக முடிவுப் பக்கம் திரும்புங்கள். மற்றப் பக்கத்தில் இருக்கும் பேக்கர் நீர்வீழ்ச்சி எங்கும் ஓடிப்போகாது, உலக முடிவின் காட்சி ஓடிப்போய்விடும்.

முதலில் திறந்த புல்வெளி, பிறகு குட்டையான காடு. ஓயாத காற்றில் மரங்கள் குடைபோலத் தட்டையாக வளைந்து, கிளைகளில் பாசி தொங்கும். பாதையில் வேரும் கல்லும் சேறும் மாறி மாறி வரும், கீழே பார்த்து நடங்கள். சிறிய உலக முடிவில் பள்ளம் 270 மீட்டர் அளவு. அங்கேயே படமெடுத்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

உலக முடிவில் முதலில் ஒன்றும் செய்யாமல் நில்லுங்கள். கீழே தேயிலைத் தோட்டம், லைன் வீடுகளின் கூரைகள், நூல்போல ஒரு பாதை. தெளிவான நாளில் தெற்கே சமனலவெவ நீர்த்தேக்கம் மினுங்கும். தோட்டத்துப் பக்கத்திலிருந்து முதல் முகில் துண்டு கிளம்பி மேலே ஏறுவதை நின்றே பார்க்கலாம். பாறை ஈரமாக இருக்கும். செல்பிக்காக விளிம்புக்குப் போக வேண்டாம். பிள்ளைகளின் கையை விடாதீர்கள்.

சாப்பாட்டை இங்கே முடித்துவிட்டு வட்டத்தின் மற்றப் பக்கமாகத் திரும்புங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சி சுமார் 20 மீட்டர் உயரம். பெலிஹுல் ஓயா இங்கே விழுந்து பிறகு வளவ கங்கையோடு சேர்கிறது. இறங்கும் வழி செங்குத்து, வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொள்ளலாம். அங்கிருந்து ஃபார் இன் வரை நிழல் குறைவு, தொப்பி அப்போதுதான் ஞாபகம் வரும்.

மூன்று, மூன்றரை மணித்தியாலத்தில் நடை முடியும். திரும்பும் வழியில் பட்டிபொல ஸ்டேஷனில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அதுதான், 1,891 மீட்டர். நுவரெலியாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். பின்னேரத்துக்கு வேறு திட்டம் எதுவும் வைக்காதீர்கள், நாலு மணிக்கு எழும்பிய உடம்பு கேட்காது.