பழம்புத்தகப் பயிற்சிக்குப் போகுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால் மூன்று வகை எழுத்துகளில் புத்தகம் கிடைக்கும். தாத்தா படித்த தமிழ்க் கதைப் புத்தகம், அப்பாவின் மலையாளப் பாடநூல், சில வீடுகளில், சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் ஓர் ஓலை ஏட்டுக்கட்டு. இவற்றை எப்படிப் பார்ப்பது, எப்படிக் காப்பது என்று கற்றுக்கொள்ள, அரிய நூல்கள் பற்றிய குறுகிய காலப் பயிற்சிகளைத் தேடுகிறவர்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1983-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1992-ல் வர்ஜீனியாவுக்கு மாறிய ‘ரேர் புக் ஸ்கூல்’ இந்த வகைப் படிப்பில் பெயர் பெற்றது. ஐந்து நாள், ஒரே பொருள், மேசைமேல் அசல் புத்தகங்கள். அதே மாதிரியில் நடந்த ஒரு பயிற்சிக்கு நானும் போய் வந்தேன். ஐந்து நாளில் முதல் இரண்டு நாளை வீணாக்கினேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

வீணானதற்குக் காரணம், நான் வாசகனாகவே போய் உட்கார்ந்ததுதான். கையில் புத்தகம் கொடுத்ததும் படிக்கத் தொடங்கிவிட்டேன். அங்கே கேட்ட கேள்விகளோ வேறு: தாளை எத்தனை மடிப்பு மடித்திருக்கிறார்கள்? தையல் எங்கே ஓடுகிறது? பக்கத்தின் அடியில் தனியாக நிற்கும் அந்தச் சின்ன எண் என்ன? நம் ஊர் அச்சகத்தில் பழைய ஆள் யாரைக் கேட்டாலும் அது ‘ஃபாரம்’ எண், அதாவது மடித்த ஒவ்வொரு தாளுக்கும் போடும் வரிசை எண் என்று சொல்லிவிடுவார். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

போகுமுன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு செய்தித்தாள் விரிப்பை மூன்று முறை மடியுங்கள். எட்டு இலை, 16 பக்கம் வரும். மடித்தபடியே பக்க எண்களை எழுதிவிட்டுப் பிரித்துப் பாருங்கள். எண்கள் தலைகீழாகவும் தாறுமாறாகவும் கிடக்கும். அச்சுக்கூடத்தில் பக்கங்களை ஏன் அப்படி அடுக்கினார்கள் என்பது அந்த நிமிடமே புரிந்துவிடும். கையால் செய்த பழைய ஐரோப்பியத் தாள் என்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இடைவெளி விட்டு ஓடும் கோடுகள் தெரியும். ஒரே மடிப்பு என்றால் அவை செங்குத்தாக நிற்கும், இரண்டு மடிப்பு என்றால் படுக்கையாக இருக்கும், மூன்று மடிப்பில் மறுபடியும் செங்குத்து. செல்போனில் நூறு படம் எடுத்து வந்தாலும் இது கிடைக்காது.

அப்புறம், ஆண்டு. நம் எல்லைப் புறத்தில் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். தலைப்புப் பக்கத்தில் 1076 என்று கண்டதும் ஆயிரம் வருஷப் பழமை என்று வாய்பிளக்க வேண்டாம். அது கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டாக இருக்கலாம். அப்படியானால் 824 அல்லது 825 கூட்ட வேண்டும், அதாவது 1900–1901. சாலிவாகன சகாப்தம் என்று போட்டிருந்தால் கூட்ட வேண்டியது 78. வெறும் தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் இன்னும் கவனம் தேவை. சர்வசித்து 1887-லும் வந்தது, 1947-லும் வந்தது. எந்தச் சுற்று என்பதைத் தாள், அச்சகத்தின் முகவரி, விலை மூன்றையும் வைத்துத்தான் சொல்ல முடியும். விலை அணாவில் இருந்தால், 1957-ல் நயா பைசா வருவதற்கு முந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

‘பதிப்பிக்கப்பட்டது’ என்ற சொல்லும் ஏமாற்றும். 19-ஆம் நூற்றாண்டுத் தலைப்புப் பக்கங்களில் ஒரு அச்சுக்கூடத்தின் பெயரை ஒட்டி அது வந்தால், அங்கே அச்சடித்தார்கள் என்றுதான் பொருள். பாடத்தைச் சரிபார்த்தவர் பெயர் ‘பரிசோதித்து’, ‘பார்வையிட்டு’ என்ற சொற்களின் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் குழப்பினால் அச்சகத்தாரைப் பதிப்பாசிரியராக்கிவிடுவோம்.

எழுத்தின் வடிவத்தைப் பார்த்து வயது சொல்வதும் ஆபத்து. யானைத் துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’, ‘னை’ இருந்தால் மிகப் பழையது என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்ததே 1978-ல்தான். மலையாளத்தில் புதிய லிபி 1971. என் வயதுக்காரர்கள் பள்ளியில் படித்த புத்தகத்திலேயே பழைய எழுத்து இருந்தது.

‘முதல்’ என்ற சொல்லை அவசரப்பட்டு எழுதாதீர்கள். இந்தியாவில் முதலில் அச்சான நூல் ‘தம்பிரான் வணக்கம்’ என்று பலர் எழுதுகிறார்கள். கோவாவில் 1556-லேயே அச்சகம் வந்துவிட்டது. 1554-ல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூலோ ரோமன் எழுத்தில் இருந்தது. 1578-ல் கொல்லத்தில் போர்த்துகீசியப் பாதிரியார் அன்றீக்கு அடிகளார் அச்சிட்ட 16 பக்க ‘தம்பிரான் வணக்கத்தின்’ பெருமை, இந்திய மொழி ஒன்றை அதன் சொந்த எழுத்தில், இந்திய மண்ணில் அச்சிட்டது. அடுத்த ஆண்டே கொச்சியில் இன்னொரு தமிழ் நூல். இன்றைய கேரள மண்ணில் தமிழ் அச்சு தொடங்கியது என்பதை நாம் சரியாகச் சொன்னாலே போதும், கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைத் துணிக் கையுறை படத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் விரல் தொட்டுணர்வு போய், உளுத்த தாள் கிழியும். கழுவித் துடைத்து நன்றாகக் காய்ந்த கையே நல்லது. பேனா வேண்டாம், பென்சில் மட்டும். ஏட்டுக்கட்டு என்றால் கயிற்றை அவிழ்க்குமுன் ஓரத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வரிசை கலைந்த ஏடுகளை மறுபடி சேர்க்க மாதக்கணக்கில் ஆகும்.

இனி, எனக்கு வலிக்கிற விஷயம். பயிற்சிக்கு முன்பே, ‘காப்பாற்றுகிறேன்’ என்று தாத்தாவின் புத்தகம் ஒன்றில் கிழிசலுக்கெல்லாம் செலோடேப் ஒட்டினேன். ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். அவர் ஓரங்களைச் சீராக வெட்டி, நைந்த காகித அட்டையைக் கழித்துப்போட்டு, நல்ல காலிகோத் துணி அட்டை போட்டுத் தந்தார். நானே கேட்டுக்கொண்ட வேலை. அந்த வெட்டில் தாத்தா ஓரத்தில் எழுதிய குறிப்புகள் பாதி போயின. கழித்த அட்டையின் பின்பக்கத்தில்தான் விலையும், அதே அச்சகம் விற்ற மற்ற நூல்களின் பட்டியலும் இருந்தன. செலோடேப்பின் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிட்டது. லாமினேஷன் இதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. பயிற்சிக்குப் போகிறவரை வீட்டுப் புத்தகங்களில் எதையும் ஒட்டாதீர்கள், வெட்டாதீர்கள். பருத்தி நாடாவால் கட்டி, சுவரை ஒட்டாமல் காற்றோட்டமாக வையுங்கள். ஜூனில் மழை இறங்கியதும் வாரம் ஒருமுறை எடுத்து, பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள்.

விண்ணப்பத்தில் ‘ஏன் இந்தப் பயிற்சி’ என்று கேட்டால் ‘புத்தகங்கள்மேல் ஆர்வம்’ என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். பரணில் உள்ள ஒரு புத்தகத்தை எடுத்து அளவு, தாள், தையல், ஃபாரம் எண்கள், உள்ளே யாருடைய கையெழுத்து, எந்தப் பக்கம் இல்லை என்று ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் எங்கே விழிக்கிறீர்களோ அந்தப் பொருளுக்கான வகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.