பிளாங்க் வெர்ஸை அளந்து படிப்பது எப்படி? தொடக்கநிலை வாசகருக்கான செய்முறை

ஆங்கிலக் கவிதையில் பிளாங்க் வெர்ஸ் எனப்படுவது, ஐயாம்பிக் பென்டாமீட்டர் (மெலிந்த அசையும் அழுந்தும் அசையும் சேர்ந்த சீர்கள் ஐந்து கொண்ட வரி) என்னும் சந்தத்தில், அடியிறுதி இயைபு இல்லாமல் எழுதப்பட்ட செய்யுள். வரையறையை மனத்தில் நிறுத்துவது எளிது; ஒரு பக்கத்தைப் படிக்கும்போதே அந்தச் சந்தத்தைக் காதால் இனங்காணப் பயிற்சி வேண்டும். வரலாற்றைப் படித்துவிட்டு வரிகளுக்கு வருவதைவிட, வரிகளை அளந்து பழகியபின் வரலாற்றுக்குப் போவதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

படி 1: ஒழுங்கான ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். டென்னிசனின் 'யுலிசீஸ்' (1842) கவிதையின் கடைசி வரி இதற்கு மிகப் பொருத்தமானது: 'டு ஸ்ட்ரைவ், டு சீக், டு ஃபைண்ட், அண்ட் நாட் டு யீல்ட்'. இதில் பத்து அசைகள் உள்ளன. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து ஐந்து சீர்களாகின்றன. ஒவ்வொரு சீரிலும் முதல் அசை மெலிந்தும் இரண்டாம் அசை அழுந்தியும் ஒலிக்கிறது.

படி 2: அழுத்தத்தைக் கண்டுபிடியுங்கள். எனக்கு மிக அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். தமிழ் யாப்பில் பழகிய எவருக்கும் தடை இங்கேதான் வரும். நமது நேரசையும் நிரையசையும் குறில், நெடில், ஒற்று ஆகியவற்றைக் கொண்டு அமைகின்றன. ஆங்கில அசையோ ஓர் உயிரொலியைச் சுற்றி அமைவது. ஆகவே 'ஸ்ட்ரைவ்' என்பதில் எத்தனை மெய்கள் திரண்டாலும் அது ஓரசையே. அழுத்தமும் நெடிலைத் தேடிப் போவதில்லை. 'விண்டோ' என்ற சொல்லில் நெடிலான இரண்டாம் அசை மெலிகிறது, முதல் அசை அழுந்துகிறது. 'ஹோட்டெல்' என்பதில் நெடில் முன்னே நின்றாலும் பின்னுள்ள அசையே அழுத்தம் பெறுகிறது. ஐயம் வந்தால், அழுந்தும் அசைக்கு முன் சிறு கோடு இடும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ் அகராதியைப் பாருங்கள். தானாகச் சந்தம் பிரித்துத் தரும் இணையக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பென்சிலால் குறியிட்டு, உரக்கப் படித்துத் திருத்துவதற்கு ஈடான பயிற்சி வேறில்லை.

படி 3: விலகல்களை அனுமதியுங்கள். 'டு பி, ஆர் நாட் டு பி, தட் இஸ் த க்வெஸ்சன்' என்ற 'ஹாம்லெட்' வரியில் பதினோர் அசைகள் உள்ளன. இறுதியில் மெலிந்த ஓர் அசை கூடுதலாகத் தொங்குகிறது. 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தைத் தொடங்கும் 'நவ் இஸ் த விண்டர்' என்ற தொடரில் முதல் சீர் தலைகீழாகி, அழுத்தம் முன்னால் வருகிறது. இவை இலக்கணப் பிழைகள் அல்ல. காது ஒழுங்கை எதிர்பார்த்திருக்கும்போது வரும் விலகலே அந்தச் சொல்லை நம் முன் நிறுத்துகிறது.

படி 4: வரி முடிவில் வாக்கியம் நிற்கிறதா, அடுத்த வரிக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். வரலாறு விளங்குவது இந்தப் படியில்தான். சரே பிரபுவான ஹென்றி ஹோவர்ட், ஏறத்தாழ 1540-இல், வர்ஜிலின் 'ஈனியட்' காவியத்தின் இரண்டாம், நான்காம் காண்டங்களை இயைபில்லாத அடிகளில் மொழிபெயர்த்தார். ஆங்கிலத்தில் இவ்வடிவம் அங்கே தொடங்குகிறது. அவர் 1547-இல் மரண தண்டனைக்கு உள்ளானார். அவ்விரு காண்டங்களையும் ரிச்சர்ட் டாட்டெல் 1557-இல் அச்சிட்டார். நார்ட்டனும் சாக்வில்லும் எழுதி 1561-62 குளிர்காலத்தில் மேடையேறிய 'கார்படக்' இவ்வடிவத்தில் எழுதப்பட்ட முதல் ஆங்கில நாடகம். அதன் அடிகள் பெரும்பாலும் வரிக்கு வரி நின்றுவிடுவதால் இன்று படிக்கச் சற்று விறைப்பாக இருக்கும். மார்லோவின் 'டாம்பர்லேன்' அந்த அடிக்கு முழக்கம் தந்தது. ஷேக்ஸ்பியரின் பிற்கால நாடகங்களில் வாக்கியம் வரியின் நடுவே முடிந்து, நடுவிலேயே தொடங்குகிறது.

மில்டன் இதை எல்லைவரை கொண்டுபோனார். 1667-இல் வெளிவந்த 'பாரடைஸ் லாஸ்ட்' காவியத்துக்கு அடுத்த ஆண்டு சேர்த்த குறிப்பில், இயைபு காட்டுமிராண்டிக் காலத்தின் கண்டுபிடிப்பு என்றும், பொருள் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் பலவிதமாக நீள்வதில்தான் செய்யுளின் உண்மையான இன்பம் உள்ளது என்றும் வாதிட்டார். இப்படி நீளும்போது வரி எங்கே முடிகிறது என்பதைக் காது தவறவிடக்கூடும். 'கண்ணுக்கு மட்டுமே செய்யுள்' என்ற குறையைச் சாமுவேல் ஜான்சன் எடுத்துக்காட்டியதும் இதனால்தான். ஆயினும் வரியிறுதியில் மூச்சை மிக இலேசாகத் தாமதித்துப் படித்தால் மில்டனின் அடி தெளிவாகக் கேட்கும் என்றே நான் கருதுகிறேன். 'டின்டர்ன் ஆபி' (1798) கவிதையில் வேர்ட்ஸ்வொர்த் அதே அடியை மனத்தோடு பேசும் குரலாக்கினார். ராபர்ட் ஃப்ராஸ்டின் 'மெண்டிங் வால்' (1914) அண்டை வீட்டாரின் பேச்சை அதில் ஏற்றியது.

பிற்சேர்க்கை: பிளாங்க் வெர்ஸும் நமது புதுக்கவிதையும் ஒன்றா என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தனர். இல்லை. புதுக்கவிதைக்கு இணையாகச் சொல்லத்தக்கது ஃப்ரீ வெர்ஸ். அதற்குக் கட்டாயமான சந்தம் கிடையாது. பிளாங்க் வெர்ஸ் துறப்பது இயைபை மட்டுமே. தமிழில் இதனோடு ஒப்பிட்டுப் படிக்க விரும்புவோர், ஆங்கில நாடக மரபை ஒட்டிப் பெ. சுந்தரம் பிள்ளை பெரும்பாலும் ஆசிரியப்பாவில் எழுதி 1891-இல் வெளியிட்ட 'மனோன்மணீயம்' நாடகத்தை எடுத்துக்கொள்ளலாம்.