தலைவர் பதவி ஏலம் போகும்போது மறுத்துப் பேசுகிறவர்கள் செய்யும் தவறுகள்

எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவர் பதவி ஏலம் போன இரவு நானும் எழுந்து பேசினேன். மூன்று நிமிடம்கூட இருக்காது. "இது சட்டப்படி குற்றம்" என்று ஆரம்பித்தேன். நாலாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப கோபுரத்த நீயே கட்டிக் குடுத்துரு மாப்ள." கூட்டம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன். ஏலம் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தது.

அன்று நான் சொன்ன கருத்து இன்றும் எனக்குச் சரியாகவே படுகிறது. சொன்ன நேரம், சொன்ன இடம், சொன்ன விதம் எல்லாம் தப்பு. அடுத்த முறை எழுந்து நிற்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வழக்கம் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். தேர்தல் அறிவிப்பு வரும் நேரத்தில் கோயில் முன்பு ஊர்க்கூட்டம் போடுவார்கள். திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர் மட்டும் வேட்புமனு போடுவார். வேறு யாரும் போடக் கூடாது. போட்டவர்களும் வாபஸ் வாங்கிவிட வேண்டும். களத்தில் ஒரே வேட்பாளர் மிஞ்சினால் அவர் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கப்படுவார். காகிதத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் போட்டியிடுவது, போட்டியிடாமல் இருப்பது, மனுவைத் திரும்பப் பெறுவது எல்லாமே ஒருவரின் 'தேர்தல் உரிமை' என்கிறது சட்டம். அதற்கு விலை பேசினால் லஞ்சம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173 பிரிவுகளின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம்; பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இதேதான்.

இதை முதல் வாக்கியமாகச் சொன்னதுதான் என் முதல் தவறு. "குற்றம்" என்ற சொல் காதில் விழுந்ததும் எதிரே உட்கார்ந்திருந்த இருநூறு பேரும் குற்றவாளிகளாகிவிட்டார்கள். அதில் என் சித்தப்பாவும் இருந்தார். அதற்குப் பிறகு அவர்கள் நான் சொல்வதைக் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்கள். 'இவன் நாளைக்குப் போலீசுக்குப் போவானோ?' சட்டம் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அது மடியில் இருக்க வேண்டிய பொருள். பேச்சு முற்றி, யாராவது "இதுல என்னப்பா தப்பு?" என்று கேட்கும்போது எடுத்தால்தான் அதற்கு மதிப்பு.

அதைவிடப் பெரிய தவறு, ஊர் ஏன் ஏலத்தை விரும்புகிறது என்று நான் யோசிக்காமலே போனது. பேராசை என்று எளிதாக முடிவு கட்டியிருந்தேன். பிறகு வீடு வீடாகப் பேசியபோதுதான் தெரிந்தது, அவர்களிடம் காரணம் இருக்கிறது. முந்தைய தேர்தலில் ஒரே தெருவுக்குள் அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை அறுந்துபோனது. ஓட்டுக்கு இரண்டு பக்கமும் பணம் கொடுத்து, தோற்றவர் கடனில் விழுந்தார். அந்த மூன்று வாரமும் பையன்கள் குடித்தே கிடந்தார்கள். "எப்படியும் செலவழிக்கிற பணம், சாமிக்குப் போகட்டுமே" என்றார் ஒரு பெரியம்மா. இதற்குப் பதில் இல்லாமல் ஜனநாயகம் பற்றிப் பேசினால் சிரிக்கத்தான் செய்வார்கள்.

பதில் இருக்கிறது. ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தை எங்கிருந்து எடுப்பார்? தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சிமென்ட் சாலை, நூறு நாள் வேலை என்று ஊராட்சி வழியாக வரும் பணத்தில்தானே. இதைக் கேள்வியாகக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். விடையை அவர்களே சொல்வார்கள். நான் சொன்னதைவிட அவர்கள் சொன்னது காரமாக இருந்தது.

அடுத்தது இடம். ஊர்க்கூட்டம் வேறு, கிராம சபை வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்தே பலர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் தலைக்கட்டு வரி கட்டுகிறவர்களுக்குத்தான் பேச்சு. பல ஊர்களில் பெண்கள் தூரத்தில் நின்று கேட்கலாம், அவ்வளவுதான். காலனிக்காரர்களை அழைப்பதே இல்லை. இத்தனைக்கும் ஊராட்சி என்பது பக்கத்துக் குக்கிராமங்களும் காலனியும் சேர்ந்தது. 'ஊர் முடிவு' என்று சொல்லப்படுவது ஊராட்சியில் பாதிப் பேருக்குத் தெரியாமலே எடுத்த முடிவாக இருக்கும். கிராம சபை அப்படியல்ல. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம் என ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்.

கிராம சபையில் ஏலத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே அது கூட்டப் பொருளிலேயே இருக்காது. ஏலத்துக்கு ஓராண்டு முன்பிருந்தே அங்கே வரவு செலவைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இந்தப் போர்வெல்லுக்கு எவ்வளவு, அந்தச் சாலைக்கு எவ்வளவு என்று. கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். பணம் எங்கே போகிறது என்று ஊர் ஒரு வருடம் காதால் கேட்டிருந்தால், ஏல இரவில் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது. தொகை ஏறிக்கொண்டிருக்கும்போது எழுந்து தத்துவம் பேசுவது, பந்தியில் சோறு போட்ட பிறகு சமையல்காரரை மாற்றச் சொல்வது மாதிரி.

தனியாகப் போய் நிற்பது அடுத்த தவறு. 1950களில் அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். எந்தக் கோடு எதற்குச் சமம் என்று ஒரு குழுவிடம் கேட்பார். குழந்தைக்கும் தெரியும் விடை. ஆனால் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் முன்கூட்டியே சொல்லிவைத்தபடி ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். பாவம் அந்த ஒருவர்! அப்படி மாட்டியவர்கள் சொன்ன விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிப் போனது. பக்கத்தில் ஒரே ஒரு ஆள் சரியான விடையைச் சொன்னால் அந்தத் தவறு கால்வாசியாகக் குறைந்தது. அந்தத் துணை நடுவில் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால் மறுபடி ஏறியது.

இந்தக் கடைசி வரியை நான் அனுபவத்தில் படித்தேன். "நீ ஆரம்பி, நான் சேர்ந்துக்கிறேன்" என்று சொல்லியிருந்த நண்பர், கூட்டம் சிரித்ததும் துண்டை உதறி மடிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் மேல் கோபமில்லை. அவருக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள். துணைக்கு வருகிறவர் எதை இழக்கக்கூடும் என்று நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவரையே முதலில் பேசச் சொல்லி, நான் இரண்டாவதாக எழுந்திருக்கலாம்.

ஏனென்றால் மறுத்துப் பேசுவதற்கு எல்லோரும் ஒரே விலை கொடுப்பதில்லை. எனக்கு ஒரு சிரிப்போடு போயிற்று. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டபோது, எதிர்ப்பை மீறி நின்று வென்ற முருகேசனும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேர் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தலே நடத்த முடியவில்லை. அதற்கும் பெயர் 'ஊர் முடிவு'தான். ஆகவே ஆதிக்க சாதியில் பிறந்த ஒருவர், "நீங்க ஏன் பேச மாட்டேங்கறீங்க?" என்று காலனியில் போய்க் கேட்பது தவறு மட்டுமல்ல, அசிங்கம். பேச வேண்டியது அவர்தான். ஊர் விலக்கு, தண்டம் என்று மிரட்டல் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றமே 2011இல் தமிழ்நாட்டு வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது.

மொட்டைக் கடுதாசி மட்டும் வேண்டாம். யார் எழுதியது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு நீங்கள் சொன்ன கருத்தை யாரும் பேச மாட்டார்கள், காட்டிக்கொடுத்ததைத்தான் பேசுவார்கள்.

ஒரு விஷயத்தில் மறுக்கிறோம் என்பதற்காக எல்லாவற்றிலும் மறுப்பதும் தவறு. நான் அன்று பேச்சோடு பேச்சாகத் திருவிழாச் செலவையும் ஒரு இடி இடித்தேன். தேவையே இல்லை. 1947 ஆகஸ்ட் 15ஐத் துக்க நாள் என்று பெரியார் அறிவித்தபோது, அது மகிழ வேண்டிய நாள் என்று தன் இதழிலேயே எழுதினார் அண்ணா. சொந்த இயக்கத்துக்குள் அன்றைக்கு அதைவிடச் செல்வாக்கில்லாத கருத்து இருந்திருக்க முடியாது. ஆனால் அந்த ஒரு புள்ளியில்தான் மறுத்தார். இயக்கத்தை விட்டு அவர் வெளியேறியது 1949இல்; அப்போதும் தி.மு.க.வின் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாகவே வைத்தார். எனக்கும் திருப்பணியில் விருப்பம் உண்டு. "கோபுரத்துக்கு என் பங்கு இவ்வளவு, இந்தாங்க. ஆனா தலைவர ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம்" என்று ஆரம்பித்திருந்தால், அந்த மாப்பிள்ளை வசனத்துக்கு வேலையே இருந்திருக்காது.

கடைசியாகச் செய்த தவறு, மறுநாள் டீக்கடைக்குப் போகாதது. வெட்கம். இரண்டு மாதம் ஊர்ப் பக்கமே தலைகாட்டவில்லை. ஒரு சாவுக்குக்கூடப் போகவில்லை. அந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள் என்று அம்மா பிறகுதான் சொன்னாள். ஏலத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், கோபுரத்தை நீயே கட்டிக் கொடு என்றவர்.