பத்தமடைப் பாயை நேரடியாக விற்பது எப்படி? கைபேசி மட்டும் கையில் இருப்பவர்களுக்கான செய்முறை விளக்கம்

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில், சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பச்சையாக இருக்கும்போதே கிழித்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடியும் காயவைத்துச் சாயம் ஏற்றுவார்கள். பிறகு பருத்தி நூலைப் பாவாக இழுத்துக் கட்டி நெய்வார்கள். நயமான பாய் துணி மாதிரி மடியும். புவிசார் குறியீடு பெற்ற பொருள் இது. ஆனால் அந்த ஊரில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் நெய்த பாய் இரண்டு மூன்று கை மாறிச் சென்னைக் கடைக்குப் போய்ச் சேரும்போது, அதை நெய்தவர் யார் என்பது கடைக்காரருக்கே தெரியாது. விலையில் பெரும்பகுதியும் வழியிலேயே நின்றுவிடும்.

அந்த அக்காவின் பழைய கைபேசி ஒன்றை வைத்துக்கொண்டு, வாங்குபவரிடம் அவரே நேராக விற்பதற்காக நாங்கள் செய்தவற்றைத்தான் வரிசையாகச் சொல்லப் போகிறேன். நீங்கள் மானாமதுரையில் மண்பாண்டம் செய்பவராக இருக்கலாம், தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை செய்பவராக இருக்கலாம், வீட்டிலேயே முறுக்கு சுட்டு விற்பவராகவும் இருக்கலாம். பாய் என்று வரும் இடத்தில் உங்கள் பொருளை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

இணையதளம் வேண்டாமா என்று கேட்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஆண்டுதோறும் பணம் கட்டி, யாரும் எட்டிப் பார்க்காமல் கிடக்கும் தளங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

படி 1: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள்

கைபேசியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஒரு வாரம் முழுவதும், வாங்க வருபவர்களும் போனில் அழைப்பவர்களும் கேட்கும் கேள்விகளை அவர்கள் கேட்ட சொற்களிலேயே எழுதி வையுங்கள். அக்காவின் நோட்டில் இப்படி இருந்தது: "படுத்தால் முதுகில் குத்துமா?" "இரண்டு பேர் படுக்கலாமா?" "தண்ணீர் பட்டால் சாயம் போகுமா?" "இது நைலான் பாயா, கோரைப் பாயா?" "கல்யாணத்துக்குப் பெயர் போட்டுத் தருவீர்களா?" "எத்தனை நாள் ஆகும்?" "எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா?"

ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நெய்பவர் தம் வாயால் சொல்லும் பதிலை எழுதுங்கள். பதிலை அலங்கரிக்க வேண்டாம். "நெசவு நெருக்கமாக நெருக்கமாகப் பாய் மெத்தென்று ஆகும். நூறு கவுண்டைத் தாண்டினால் குழந்தையையே படுக்கப் போடலாம்" என்று அக்கா சொன்னார். கவுண்ட் என்பது நெசவின் நெருக்கத்தைச் சொல்லும் எண். 'பாரம்பரியச் சிறப்புமிக்க கலைநயம்' என்று நான் எழுதி வைத்திருந்த வரியை அன்றே அடித்துவிட்டேன். இனி எங்கே என்ன எழுத வேண்டியிருந்தாலும் இந்த நோட்டிலிருந்துதான் எடுக்கப் போகிறோம்.

படி 2: படம் எடுப்பது

காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், திண்ணையிலோ ஜன்னல் ஓரத்திலோ எடுங்கள். நேர் வெயில் வேண்டாம். ஃபிளாஷ் கூடவே கூடாது, கோரையின் மினுமினுப்பைப் பிளாஸ்டிக் போலக் காட்டிவிடும். லென்ஸைத் துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கை பட்ட லென்ஸில் எடுத்த படம் எல்லாமே பனிமூட்டமாக வரும்.

ஒரு பாய்க்கு ஐந்து படம் போதும். முழுப் பாய் விரித்த நிலையில் ஒன்று. ஓரத்தின் முடிச்சு தெரியும்படி ஒன்று. பள்ளிக்கூட ஸ்கேலை மேலே வைத்து மிக நெருக்கத்தில் ஒன்று. இந்தப் படத்தைத் தவற விடாதீர்கள். கைநெசவுக்கும் விசைத்தறிப் பாய்க்கும் உள்ள வித்தியாசத்தை வாங்குபவர் தம் கண்ணாலேயே பார்த்துக்கொள்வார், நீங்கள் வாதாட வேண்டியிருக்காது. நான்காவது, பாயை மடித்துக் கையில் பிடித்தபடி. ஐந்தாவது, ஒருவர் அதன்மேல் உட்கார்ந்திருப்பது. அளவு அப்போதுதான் மனத்தில் பதியும்.

வண்ணத்தைக் கூட்டிக் காட்டும் ஃபில்டர்களைப் பயன்படுத்தாதீர்கள். படத்தில் குங்குமச் சிவப்பாகத் தெரிந்த பாய் பார்சலைப் பிரித்ததும் செங்கல் நிறத்தில் இருந்தால், அந்தச் சண்டை உங்களுக்குத்தான்.

நெய்பவரின் முகத்தைப் போடுவதென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். அக்காவுக்கு முகம் காட்ட விருப்பமில்லை. அதனால் கைகளையும் தறியையும் மட்டும் எடுத்தோம். அந்தப் படங்களைத்தான் அதிகம் பேர் பகிர்ந்தார்கள்.

படி 3: வாட்ஸ்அப் பிசினஸ்

இது சாதாரண வாட்ஸ்அப்பிலிருந்து வேறான செயலி, இலவசம்தான். ஒரே எண்ணை இரண்டு செயலிகளிலும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது. குடும்பத்து எண்ணைக் கலக்காமல், தொழிலுக்கென்று தனி சிம் ஒன்று வாங்குவது நல்லது. இரவு பதினொரு மணிக்கு யாரோ விலை கேட்டு அனுப்பும் செய்தியை அப்போது வீட்டில் யாரும் பார்க்க வேண்டியிருக்காது.

செயலியில் 'காட்டலாக்' என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு பாய்க்கும் படங்கள், பெயர், விலை, விளக்கம் சேர்க்கலாம். விளக்கத்தில் நீளம், அகலம், கவுண்ட், நிறம், நெய்ய ஆகும் நாள், அனுப்பும் செலவு ஆகியவை இருக்கட்டும். நாள்கணக்கைக் கூட்டியே சொல்லுங்கள். சொன்னதற்கு முன்பே கொடுத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

விலையை எழுதலாமா என்று அக்கா நெடுநாள் தயங்கினார். "பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பாரே" என்றார். எழுதியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. விலை இல்லாத பொருளைப் பார்ப்பவர், அது நமக்குக் கட்டுப்படியாகாது என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு போய்விடுவார்.

அடுத்தது, உடனடிப் பதில்கள். நோட்டில் உள்ள பதில்களைச் செயலியில் ஒருமுறை சேமித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்குச்சொல் கொடுத்துவிட்டால், அரட்டையில் சாய்கோடு போட்டு அந்தச் சொல்லைத் தட்டியதும் முழுப் பதிலும் வந்து நிற்கும். தறியில் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கு இருபது முறை ஒரே வரியைத் தட்டச்சு செய்ய முடியுமா?

படி 4: கூகுள் வரைபடத்தில் இடம் பிடிப்பது

பேர்பெற்ற ஊர்ப் பொருளைத் தேடுபவர் முதலில் ஊரைத்தான் தேடுவார். அதனால் இன்ஸ்டாகிராமுக்கு முன்னால் இதைச் செய்யச் சொல்வேன்.

கூகுள் கணக்கில் நுழைந்து, கூகுள் பிசினஸ் புரொஃபைல் பக்கத்தில் உங்கள் தொழிலைச் சேர்த்துவிடுங்கள். பெயரும் தொழில் வகையும் கேட்கும். பெயர் என்ற இடத்தில் உங்கள் பலகையில் உள்ள பெயரை மட்டும் கொடுங்கள். 'பத்தமடைப் பாய் மலிவு விலை சிறந்த கடை' என்றெல்லாம் நீட்டினால் கணக்கையே முடக்கிவிடலாம். வீட்டிலேயே நெய்பவர், முகவரியை வெளியே காட்ட விருப்பமில்லை என்றால் அதை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்று மட்டும் குறிப்பிடலாம்.

பிறகு சரிபார்ப்பு. இப்போது பெரும்பாலும் வீடியோதான் கேட்கிறார்கள். நடுவில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தெருவின் பெயர்ப்பலகையில் தொடங்குங்கள். வாசலைக் காட்டிவிட்டு உள்ளே போங்கள். தறி, கோரைக் கட்டுகள், சாயப் பாத்திரம், நெய்து சுருட்டி வைத்த பாய்கள் எல்லாவற்றையும் காட்டுங்கள். குறைந்தது முப்பது விநாடி இருக்க வேண்டும். எங்கள் முதல் வீடியோ நிராகரிக்கப்பட்டது. நேராகத் தறியில் தொடங்கித் தெருவைக் காட்டாமல் விட்டதுதான் காரணம் என்று எண்ணி, இரண்டாம் முறை தெருமுனையிலிருந்து நடந்தபடி எடுத்தோம். அது ஏற்கப்பட்டது.

இந்தப் பதிவுக்கு ஒரு பைசா செலவு இல்லை. "கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டாவிட்டால் உங்கள் கடை மறைந்துவிடும்" என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள்.

விளக்கத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். சாலைப் பலகையில் ஒன்று, கடைப் பலகையில் வேறொன்று. படங்களுக்குக் கீழே குறிப்பு எழுதும்போது அந்த வடிவங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

படி 5: இன்ஸ்டாகிராம்

வாரத்துக்கு ஒரு சிறு வீடியோ போதும். கோரையைக் கிழிப்பது ஒரு வாரம், சாயம் ஏற்றுவது மறுவாரம். பின்னணிப் பாட்டு தேவையில்லை, நெசவுச் சத்தமே போதும். பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். நோட்டில் எத்தனை புதுக் கேள்வி சேர்ந்தது என்று பாருங்கள்.

படி 6: பெயர் போட்ட கல்யாணப் பாய்

மணமகன், மணமகள் பெயர்களைப் பாயிலேயே நெய்து கொடுப்பது பத்தமடையின் பழைய வழக்கம். நேரடி விற்பனையில் நல்ல வருமானம் தருவதும் இதுதான், தலைவலி தருவதும் இதுதான்.

முதல் ஆண்டில் ஒரு வாடிக்கையாளர் குரல்பதிவில் பெயரைச் சொல்லி அனுப்பினார். ராஜேஷ் என்றார். எனக்கு ராகேஷ் என்று கேட்டது. அப்படியே அக்காவிடம் சொன்னேன். நெய்து முடித்துப் படம் அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. நெய்த எழுத்தைப் பிரிக்க முடியாது. அந்தப் பாய் இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மாப்பிள்ளை ராகேஷ் யாராவது கிடைத்தால் கொடுத்துவிடலாம்.

அதன்பின் வைத்துக்கொண்ட முறை இது. பெயரை எழுத்தில் மட்டுமே வாங்குவோம், தமிழா ஆங்கிலமா என்பதையும் கேட்டுவிடுவோம். கட்டம் போட்ட தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவோம். "சரி" என்று எழுத்தில் பதில் வந்து, பாதி முன்பணமும் வந்த பிறகே பாவு கட்டுவோம். கல்யாணத் தேதியைக் கேட்டு, அதற்கு இரண்டு வாரம் முன்னால் அனுப்பிவிடும்படி கணக்குப் போட்டுக்கொள்வோம். அந்த நாள் ஒத்துவராவிட்டால் ஆர்டரை ஏற்க மாட்டோம்.

படி 7: பணம்

யுபிஐ போதும். பணம் வாங்குவதற்கு யுபிஐ ரகசிய எண் (PIN) தேவையில்லை என்பதை வீட்டில் கைபேசி தொடும் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். சிறு வியாபாரிகளைக் குறிவைக்கும் ஏமாற்று ஒன்று பல காலமாக நடக்கிறது. ராணுவ முகாமிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவர் ஐம்பது பாய் கேட்பார். விலை பேசமாட்டார். "பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்பார். போட்டால் உங்கள் பணம் போய்விடும். விலை குறைக்கச் சொல்லாமல் ஐம்பது பாய் கேட்பவரை நம் ஊரில் நீங்கள் பார்த்ததுண்டா?

படி 8: தாள்கள்

சிறு, குறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை ஆதார் எண்ணை வைத்து அரசின் தளத்தில் இலவசமாகச் செய்யலாம். 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதற்குக் காசு கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. 2023 அக்டோபர் 1 முதல், பதிவு இல்லாத சிறு வியாபாரிகளும் தங்கள் மாநிலத்துக்குள் இணையச் சந்தைகள் வழியாக விற்கலாம். வெளிமாநிலத்துக்கு அனுப்பத் தொடங்கும்போது ஓர் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

படி 9: அனுப்புவதும் அதற்குப் பின்னும்

பாயை நன்றாக வெயிலில் காட்டி, ஈரம் துளியும் இல்லாமல் சுருட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இதில் இரட்டிப்புக் கவனம் தேவை. ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் போய்ச் சேர்வதற்குள் பூஞ்சை பிடித்துவிடும். துணிக்கடைகளில் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், அதன்மேல் சுருட்டினால் மடிப்பு விழாது. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதில் எழுத்தும் இலக்கமுமாகப் பதின்மூன்று குறிகள் கொண்ட கண்காணிப்பு எண்ணை அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள்.

பார்சல் கிடைத்த இரண்டாம் நாள், விரித்த பாயின் படம் ஒன்று கேளுங்கள். கூடவே கூகுளில் மதிப்புரை எழுதுவதற்கான இணைப்பை அனுப்புங்கள். எழுதினால் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள், அது கூகுளின் விதிக்கே எதிரானது. குறை சொல்லி எழுதினாலும் பதில் எழுதுங்கள், இரண்டே வரியில்.

அக்காவுக்கு ஒரு முறை மூன்று நட்சத்திரம் கிடைத்தது. முன்பு வாங்கிய பாயின் பச்சையும் இப்போது வந்த பாயின் பச்சையும் ஒன்றாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். நான் சமாதானமாக ஏதோ எழுதப் போனேன். அக்கா தடுத்து, தாமே சொல்லச் சொல்ல எழுத வைத்தார்: "சாயத்தைக் கையால்தான் ஏற்றுகிறோம். ஒவ்வொரு கொதிக்கும் கொஞ்சம் மாறும். அடுத்த முறை பழைய பாயைப் படம் எடுத்து அனுப்புங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சாயம் போடுகிறேன்." எழுதி முடித்ததும் நோட்டை எடுத்து வரச் சொன்னார்.