‘நாட்’டுக்கு முன்னாலா, பின்னாலா? ஆங்கில எதிர்மறை வாக்கியத்தில் வினையடையை வைப்பது எப்படி

இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

“ஐ ரியலி டோன்ட் லைக் இட்.”
“ஐ டோன்ட் ரியலி லைக் இட்.”

இரண்டிலும் அதே ஐந்து சொற்கள்தான். ஆனால் முதலாவது ‘எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை’ என்கிறது. இரண்டாவது ‘அவ்வளவாகப் பிடிக்கவில்லை’ என்று நாசூக்காக நழுவுகிறது. நண்பர் தன் கவிதையைக் காட்டி அபிப்பிராயம் கேட்டால் எதைச் சொல்வது என்பதை உங்கள் தைரியத்துக்கே விட்டுவிடுகிறேன்.

தமிழில் நமக்கு இந்தத் தொல்லை இல்லை. எதிர்மறை வினையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது: வரவில்லை, தெரியாது, மாட்டான். வினையடை (‘ரியலி’ போல, வினை எப்படி, எவ்வளவு, எப்போது என்று சொல்லும் சொல்) வழக்கமாக அதற்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் ‘நாட்’ வாக்கியத்தின் நடுவில் நிற்பதால் அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் இடம் இருக்கிறது. எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

படி 1: ‘நாட்’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

அது பெரும்பாலும் ஒரு துணைவினையை ஒட்டியே வரும்: டு, டிட், ஹேஸ், வில், கேன், இஸ் போன்றவை. சேர்ந்து சுருங்கியிருந்தால் (டோன்ட், டிடன்ட், வோன்ட்) அதை ஒரே துண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் எதையும் நுழைக்க முடியாது. பிரித்து எழுதினால் இடையில் ஓர் இடம் கிடைக்கும்: “ஹி வில் ப்ராபப்ளி நாட் கம்.” அதுவும் ‘நாட்’டுக்கு இடப்பக்கம்தான்.

படி 2: எதை மறுக்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படிதான் உயிர்நாடி. பொதுவாக, ‘நாட்’டுக்கு வலப்பக்கம் இருக்கும் வினையடை மறுப்புக்குள் மாட்டிக்கொள்ளும். இடப்பக்கம் இருப்பது தப்பித்துவிடும்.

தமிழில் இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ‘அவன் வேண்டுமென்றே உடைக்கவில்லை.’ ‘அவன் வேண்டுமென்றே பதில் சொல்லவில்லை.’ சொல்வரிசை ஒன்றுதான், ஆனால் நாம் புரிந்துகொள்வது வேறு. முதலாவதில் பொருள் உடைந்துவிட்டது, கை தவறி உடைந்தது. இரண்டாவதில் பதிலே வரவில்லை, அதுவும் திட்டமிட்டு. தமிழில் இந்த வேறுபாட்டைச் சூழல் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இடம் மாற்றித்தான் காட்ட வேண்டும்:

“ஹி டிடன்ட் டெலிபரேட்லி பிரேக் இட்.”
“ஹி டெலிபரேட்லி டிடன்ட் ஆன்சர்.”

குழப்பம் வந்தால் ஒரு சின்னச் சோதனை. உங்கள் கருத்தை இரண்டாக உடைத்துச் சொல்லிப் பாருங்கள். ‘பதில் சொல்லவில்லை, அதை வேண்டுமென்றே செய்தான்’ என்று சொல்ல முடிந்தால் வினையடை இடப்பக்கம். ‘உடைத்தான், ஆனால் வேண்டுமென்றே அல்ல’ என்று வந்தால் வலப்பக்கம்.

‘க்ளியர்லி’ இன்னும் சுவாரசியமானது. “ஹி க்ளியர்லி டிடன்ட் எக்ஸ்ப்ளெயின் இட்” என்றால் அவர் விளக்கவே இல்லை, அது பளிச்சென்று தெரிகிறது. “ஹி டிடன்ட் எக்ஸ்ப்ளெயின் இட் க்ளியர்லி” என்றால் விளக்கினார், தெளிவாக இல்லை. ஆசிரியரைப் பற்றிப் புகார் எழுதும்போது இரண்டில் எது உண்மை என்று யோசித்து எழுதுவது நல்லது.

படி 3: ‘எப்போதும்’ வந்தால் நின்று நிதானியுங்கள்

‘அவர் எப்போதும் பொய் சொல்ல மாட்டார்’ என்று ஒருவரைப் பாராட்டுகிறோம். இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் “ஹி டஸன்ட் ஆல்வேஸ் லை” என்று வரும். ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘எல்லா நேரமும் பொய் சொல்வதில்லை’. அதாவது சில நேரம் சொல்வார்! பாராட்டப் போய் மனிதரை மாட்டிவிட்டோம். ‘ஆல்வேஸ்’ வலப்பக்கம் இருப்பதால் மறுக்கப்படுவது அதுதான்.

சரி, இடப்பக்கம் மாற்றிவிடலாமா? “ஹி ஆல்வேஸ் டஸன்ட் லை” என்பது காதுக்கு இயல்பாக இல்லை. இங்கே இடம் மாற்றுவது தீர்வல்ல, சொல்லை மாற்ற வேண்டும்: “ஹி நெவர் லைஸ்.” ‘நெவர்’ தானே எதிர்மறை, அதனால் கூடவே ‘நாட்’ வேண்டாம். ‘ஹார்ட்லி’, ‘செல்டம்’ ஆகியவற்றுக்கும் இதே கதை.

ஆனால் ‘ஆஃபன்’ இரு பக்கமும் சரளமாக உட்காரும். “ஐ டோன்ட் ஆஃபன் ஸீ ஹெர்” என்றால் அவளை அடிக்கடி பார்ப்பதில்லை. “ஐ ஆஃபன் டோன்ட் ஸ்லீப் வெல்” என்றால் பல இரவுகள் தூக்கம் சரியில்லை.

படி 4: பக்கம் மாறாத சொற்களைப் பழகிக்கொள்ளுங்கள்

‘ப்ராபப்ளி’, ‘டெஃபினட்லி’, ‘ஆப்வியஸ்லி’ போன்றவை பேசுபவரின் ஊகத்தையோ உறுதியையோ சொல்பவை. நாம் மறுப்பது செயலைத்தான், நம் ஊகத்தை அல்ல. அதனால் இவை இடப்பக்கம்: “ஷி ப்ராபப்ளி வோன்ட் கம்.” பலர் “ஷி வோன்ட் ப்ராபப்ளி கம்” என்று எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உடன்பாட்டு வாக்கியத்தில் “ஷி வில் ப்ராபப்ளி கம்” என்று துணைவினைக்குப் பின்னால்தான் வருகிறது. அதே பழக்கம் எதிர்மறைக்கும் தொற்றிக்கொள்கிறது.

‘ஈவன்’, ‘எக்ஸாக்ட்லி’, ‘நெசஸரிலி’ எதிர்மறையில் பெரும்பாலும் வலப்பக்கம்: “ஹி டிடன்ட் ஈவன் கால்.”

‘இன்னும் வரவில்லை’ என்பதற்கு இரண்டு வழி. ‘ஸ்டில்’ என்றால் முன்னால்: “ஹி ஸ்டில் ஹேஸன்ட் கம்.” ‘யெட்’ என்றால் பெரும்பாலும் கடைசியில்: “ஹி ஹேஸன்ட் கம் யெட்.” முதலாவதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருக்கும், காத்திருந்து கால் வலித்தவர் சொல்வது அதுதான்.

படி 5: எப்படிச் செய்தார் என்பதைக் கடைசியில் வையுங்கள்

வேகமாக, கவனமாக, மெதுவாக என்று செயலின் விதத்தைச் சொல்பவை வாக்கியத்தின் இறுதிக்குப் போகட்டும்: “ஷி டிடன்ட் ரீட் த லெட்டர் கேர்ஃபுலி.” வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் செருகி “ரீட் கேர்ஃபுலி த லெட்டர்” என்று எழுத வேண்டாம்.

அப்புறம், கேள்வியில் ஒரு சின்ன நெளிவு. ‘உனக்கு நிஜமாகவே தெரியாதா?’ என்று வியந்து கேட்க ‘நாட்’டைத் துணைவினையிலிருந்து பிரித்து, ‘ரியலி’க்குப் பின்னால் வைப்பார்கள்: “டு யூ ரியலி நாட் நோ?”

கையோடு ஒரு பயிற்சி

விடையை மறைத்துக்கொண்டு நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

‘அநேகமாக மழை பெய்யாது.’ – “இட் ப்ராபப்ளி வோன்ட் ரெயின்.”

‘அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.’ – “ஹி டிடன்ட் ஈவன் லுக் அட் மீ.”

‘எனக்கு முழுசாகப் புரியவில்லை.’ – “ஐ டோன்ட் ஃபுல்லி அண்டர்ஸ்டாண்ட்.”

‘எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.’ இதற்கு ‘கம்ப்ளீட்லி’யைத் தேடிப் போகாதீர்கள். “ஐ டோன்ட் கம்ப்ளீட்லி அண்டர்ஸ்டாண்ட்” என்றால் கொஞ்சம் புரிந்தது என்றாகிவிடும். “ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் அட் ஆல்” என்று சொல்லிவிடுங்கள்.